சோதனை அக்காவும் என் சறுக்குமரமும்

ஏழு வயது மகளின் பாசத்தை ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரத்தால் மீட்டுவிடலாம் என்று நம்பிய முட்டாள் நான். பதுளை பஜாரில் வாங்கி, நமுனுகுல பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதைப் பார்த்து, "இவரு எங்க எறங்கணும்?" என்று கேட்டான்.

எனக்குப் போட்டி சோதனை அக்கா. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். எதையும் தன் உடம்பில் போட்டுப் பார்க்காமல் நம்பாத பிறவி உலகத்திலேயே அவர் ஒருவர்தான். பின்னேரமானால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னாலிருக்கும் புல்தரையில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். அக்கா முதலில் குனிந்து கண்ணாடித்துண்டு, முள்ளெல்லாம் பொறுக்குவார். பிறகு சேலையை இழுத்துச் செருகி, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, மேட்டிலிருந்து பள்ளம் வரை உருளுவார்!

"கண்ணுல படாதது முதுகுல பட்டுரும் சார்," என்று எனக்கு விளக்கம் வேறு.

எழுந்து, கழுத்தில் ஒட்டிய அட்டையைப் பிய்த்தெறிந்து, "வாங்கடா!" என்பார். கிளித்தட்டு ஆட்டம் தொடங்கிவிடும். புதுப் பந்து வந்தால் அது முதலில் அவர் நெற்றியில்தான் படவேண்டும்.

வீட்டில் நான் நாலு தரம் கூப்பிட்டாலும் திரும்பாத மகள் ஷாலினி, அக்கா ஒரு தரம் கைதட்டினால் பறப்பாள். முழங்கால் சிராய்த்தால் என்னைத் தாண்டி ஓடி அவரிடம் காட்டுவாள். சாப்பிட மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தவள் இப்போது விளையாடிவிட்டு வந்து இரண்டாவது ரொட்டி கேட்கிறாள். ரொட்டி சுட்டது மனைவி, பசியைக் கொடுத்தது அக்கா. மாவு வாங்கிக் கொடுத்தவனை யார் கேட்டார்கள்? எனக்கு வயிறு எரிந்தது.

வாசலில் சறுக்குமரத்தை நிறுத்தினேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்களே தவிர ஒருவரும் ஏறவில்லை.

"அக்கா பாக்கட்டும்ப்பா," என்றாள் ஷாலினி.

அக்கா வந்தார். ஆட்டிப் பார்த்தார். "தள்ளி நில்லுங்க சார்," என்று ஏறி உட்கார்ந்தார். பாதி வழியில் சிக்கினார். அடுத்த கணம் டமார்! சறுக்குமரம் இரண்டு துண்டு, அக்கா சேற்றில்.

"நல்லவேள, நான் ஒடச்சேன்," என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

ஷாலினி அவரிடம் ஓடினாள். எனக்கும் அடிபட்டதுபோல் "ஐயோ" என்று கத்திப் பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை. போகட்டும், இடுப்பு சரியாகும்வரை மகள் எனக்குத்தான் என்று உள்ளுக்குள் ஒரு சின்னக் கொண்டாட்டம்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது பார்க்கிறேன்: மேட்டில் ஒரு நாற்காலியில் அக்கா, தைல வாசனையோடு. அவரைச் சுற்றிப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர் உருளாத தரையில் ஒருவரும் கால் வைக்க மாட்டார்களாம்.

"வா ஷாலு, நாம வீட்டுல வெளையாடலாம்."

"வேணாம்ப்பா."

மடியில் பந்தை வைத்துக்கொண்டு அவள் அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கொண்டாட்டம் அங்கேயே செத்தது.

"அக்கா, நான் ஏதாச்சும் செய்யணுமா?" என்றேன் மெதுவாக.

அவர் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார்.

"உருளுங்க தம்பி."