பின்பக்க இடது ஸ்பிரிங்

பிக்கப் வண்டியில் சரக்கு மட்டும்தான் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். போடிப் பக்கத்து ஜனங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அதனால் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள், மலையடிச் சோதனைச் சாவடி வந்ததும் தலையைக் குனிந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சரக்காகிவிடுவார்கள். சாவடியைத் தாண்டியதும் மறுபடி மனுஷியாகிவிடுவார்கள். சாவடிக்காரர்களும் நல்லவர்கள்தான். சரக்கு இருமினால் காதில் வாங்க மாட்டார்கள். சரக்குக்குள்ளிருந்து செல்போன் அடித்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். இப்படி அரசும் மக்களும் ஒருவரை ஒருவர் மதித்து வாழ்ந்த நாளில்தான் பிக்கப் டிரைவர் ஈஸ்வர் தன் வண்டிக்குப் புது ஸ்பிரிங் மாட்டினான்.

அந்த வண்டியில் சிலமலைக் கிராமத்துச் சோலையம்மாளுக்குப் பின்பக்க இடது மூலை. விடியுமுன்னே அவளுடைய தூக்குச்சட்டி அங்கே போய் உட்கார்ந்துவிடும். பிறகு அவள் நிதானமாகப் போய் உட்காருவாள். தூக்குச்சட்டி இருக்கிற இடத்தில் இன்னொருத்தி உட்காரக் கூடாது. இது எந்த அலுவலகமும் போடாத சட்டம். அதனால் இதை மட்டும் யாரும் மீறியதில்லை.

சோலையம்மாளுக்குக் கவலைகள் வரிசையில் நிற்கும். தேவாரத்தில் கட்டிக்கொடுத்த மகள் சுஜாதாவுக்கு இது ஏழாம் மாசம். மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வளைகாப்பு. வளையல் கைக்குச் சேருமா, தக்காளிச் சாதம் எல்லாருக்கும் எட்டுமா, அதற்குள் ரோட்டுப் பள்ளத்தில் தன் இடுப்பு கழன்று, மகள் கையில் வளையல் போட முடியாமல் கட்டிலில் கிடப்போமா என்று யோசித்து யோசித்து அவளுக்குத் தூக்கமே இல்லை.

"அத்தே, இனி இடுப்பைப் பத்திக் கவலைப்படாதே. வண்டி தண்ணியில மெதக்குற மாதிரி போகும். புது ஸ்பிரிங்கு, புது ஷாக் அப்சர். ஹேண்ட்லிங் சும்மா அள்ளும்" என்றான் ஈஸ்வர்.

"யாருப்பா சொன்னா?"

"செல்போன்ல ஒருத்தரு இதே ஸ்பிரிங்கை மாட்டிப் பாலைவனத்துல ஓட்டிக் காமிச்சாரு."

"நம்ம ஊருல பாலைவனம் எங்கடா இருக்கு?"

"வந்துச்சுன்னா வண்டி தயாரா இருக்கணும்ல!"

வண்டி முன்னைவிட ஒரு முழம் உயர்ந்து நின்றது. கனத்த உடம்புக்காரி மாயக்காள் ஏறுவதற்கு மூன்று பேர் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. "இது வண்டியாடா, மாடி வீடா? படிக்கட்டை எங்கடா வச்சிருக்க?" என்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டே கேட்டாள்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஏறி உட்கார்ந்து வண்டி மலை ஏறியபோது ஆட்டமே இல்லை. வளைவுக்கு வளைவு சோலையம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தாள். ரசம் இருந்த மட்டத்திலேயே இருந்தது. "ஆத்தாடி, ரசம் தூங்குது!" என்றாள்.

இந்தச் செய்தி போடி முழுக்கப் பரவியது. ஒரே வாரத்தில் பால் வண்டி உயர்ந்தது. தண்ணி வண்டி உயர்ந்தது. ஐஸ் வண்டிக்காரர் தன் மூன்று சக்கர வண்டியையும் உயர்த்திவிட்டு, குழந்தைகளுக்கு ஐஸ் எட்டாமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டார். கடைசியில், வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் பிரேக் இன்ஸ்பெக்டர் கன்னையன் சாரின் அலுவலக ஜீப்புக்கும் அதே ஸ்பிரிங் வந்து சேர்ந்தது. அது நாகரிகத்துக்காக அல்ல, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

ஒரு காலையில் அந்தக் கன்னையன் சாரே சாவடியில் நின்றார். ஈஸ்வரின் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

"இந்த வண்டி அனுமதி பெறாமல் வளர்ந்திருக்கிறது. என்ன நோக்கம்?"

"ஹேண்ட்லிங்குக்கு சார்."

"மேம்பாடு ஏற்பட்டிருப்பதை நிரூபிக்கவும். முதலில் சரக்கை இறக்கு."

சரக்கு இறங்கியது. ரோட்டோரம் வரிசையாக நின்று கொட்டாவி விட்டது.

கன்னையன் கையில் டீ கிளாஸோடு முன்சீட்டில் ஏறினார். ஈஸ்வர் காலி வண்டியைக் கிளப்பினான். பாரம் தாங்குவதற்கென்று முறுக்கேற்றிய ஸ்பிரிங் பாரம் இல்லாமல் என்ன செய்யும்? அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி வண்டி துள்ளிக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது டீ சட்டையில் இருந்தது. தொப்பியைக் காணவில்லை.

"ஹேண்ட்லிங் சீர்கெட்டுள்ளது. வண்டி பறிமுதல்."

வியாழன்வரை ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தால்தான் வளைகாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு என்று தோட்டத்து சூப்பர்வைசர் சோலையம்மாளிடம் சொல்லியிருந்தார். அவள் ஓடிவந்து கும்பிட்டாள்.

"அய்யா, காலியாப் போனாத்தான்யா ஆடும். நாங்க ஏறிட்டா ஆடாதுங்கய்யா. இன்னொரு டீ வாங்கித் தர்றேன், ஏறிப் பாருங்க."

கன்னையன் கண்டிப்பானவர், ஆனால் டீயை மறுக்காதவர். பெண்கள் ஏறினார்கள். வண்டி அதே வளைவுவரை போய்வந்தது. டீ கிளாஸில் ஒரு சொட்டும் குறையவில்லை. அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு இறங்கினார். பிறகு பியூன் அமாவாசையைக் கூப்பிட்டார்.

"அமாவாசை, வண்டியின் ஆட்டத்தைக் குறைக்கும் பொருளுக்கு என்ன பெயர்?"

"ஸ்பிரிங்கு சார். அப்புறம் ஷாக் அப்சரு."

"இவர்கள் இறங்கினால் ஆடுகிறது. ஏறினால் ஆடவில்லை. எனவே இவர்கள் பயணிகள் அல்ல. சரக்கும் அல்ல. வண்டியின் இன்றியமையாத பாகங்கள் என்று தீர்மானிக்கப்படுகிறது. முத்திரையைக் கொண்டா!"

அமாவாசை ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் ஊதா மையில் முத்திரை குத்தினார். சோலையம்மாள் பின்பக்க இடது ஸ்பிரிங் ஆனாள். மாயக்காள் வலது ஷாக் அப்சர் ஆனாள்.

வண்டிக்குள் ஒரே கும்மாளம். "எம் புருஷன் இத்தனை வருஷத்துல என்னைய ஒரு மனுஷியா மதிக்கல. கவருமெண்டு என்னைய ஷாக் அப்சரா மதிச்சிருக்கு" என்று மாயக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து சாவடியில் யாரும் தலை குனியவில்லை. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து முத்திரைக் கையை ஆட்டினார்கள். சாவடிக்காரர்கள் பதிலுக்கு சல்யூட் வைத்தார்கள். பாகங்களைக் காய் பறிக்க இறக்கலாமா என்று தோட்டத்திலிருந்து கேட்டதற்கு, பராமரிப்பின்பொருட்டு மாலைவரை கழற்றி வைக்கலாம் என்று பதில் வந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, வியாழக்கிழமை வரை.

"நாளைக்கு வரமாட்டேன் ஈஸ்வரு. மகளுக்கு வளைகாப்பு."

ஈஸ்வர் தலையைச் சொறிந்தான். "அத்தே, ஒரு பாகம் குறைஞ்சாலும் வண்டியை எடுக்கக் கூடாதாம். நீ வரலேன்னா இவுக அத்தனை பேருக்கும் நாளைக்குச் சோலி இல்ல."

அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. சோலையம்மாள் தோட்டத்திலிருந்து திரும்பிய காலோடு கன்னையன் அலுவலகத்துக்கு ஓடினாள். மாயக்காளும் மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

"அய்யா, எம் மகளுக்கு வளைகாப்பு. ஒரே ஒரு நாள் விடுங்கய்யா. தாய் இல்லாம எப்படி?"

"ஸ்பிரிங்குக்கு மகள் இருப்பதாக விதிகளில் எங்கும் இல்லை."

"இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காங்கய்யா?"

கன்னையன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அப்படியும் இல்லை. அவருக்கு வியர்த்தது. "விதி மௌனமாக உள்ளது" என்றார். "எனினும் ஒரு வழி உண்டு. சம எடையுள்ள மாற்றுப் பாகத்தைப் பொருத்திவிட்டுச் செல்லலாம்."

பக்கத்து ஏலக்காய்க் கடைத் தராசுக்கு எல்லோரும் போனார்கள். மூட்டை நிறுக்கும் பெரிய தராசு. சோலையம்மாள் ஏறினாள். அறுபத்தெட்டு கிலோ. அக்கம்பக்கத்துப் பெண்களை வரிசையாக ஏற்றிப் பார்த்தார்கள். ஒருத்தி குறைந்தாள், ஒருத்தி கூடினாள். ஒருத்திக்குச் சிரிப்பு அடங்காமல் தராசே ஆடியது.

கன்னையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தராசில் எப்படி நிற்பது என்றுகூடத் தெரியாதா? கைகள் உடலோடு ஒட்டி, அசையாமல், இப்படி!" என்று தானே ஏறி நின்று காட்டினார்.

அறுபத்தெட்டு கிலோ.

கடையில் காய் புடைத்துக்கொண்டிருந்தவர்களின் முறங்கள் அப்படியே நின்றன.

"இந்தத் தராசு தவறு" என்றார் கன்னையன்.

"கவருமெண்டு முத்திரை வச்ச தராசு சார்" என்றார் கடைக்காரர்.

அமாவாசை மைப்பெட்டியைத் திறந்தார்.

"அமாவாசை! என்ன செய்கிறாய்?"

"விதி சார்" என்று சொல்லி, கன்னையன் மணிக்கட்டில் 'டப்' என்று குத்தினார்.

வெள்ளிக்கிழமை தேவாரத்தில் வளைகாப்பு அமோகமாக நடந்தது. வளையல் கைக்குச் சேர்ந்தது. தக்காளிச் சாதம் எட்டியது. மகள் கன்னத்தில் சந்தனம் பூசும்போது சோலையம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சம்பந்தியம்மா அவள் மணிக்கட்டை உற்றுப் பார்த்தாள்.

"இது என்ன முத்திரை?"

"கவருமெண்டுல வச்சது சம்பந்தி."

"கவருமெண்டு வேலையா! சொல்லவே இல்லையே. பெர்மனென்ட்டா?"

"வண்டி ஓடுற வரைக்கும்" என்றாள் சோலையம்மாள். அவளுக்கு இரண்டாம் தடவை பாயசம் வந்தது.

சனிக்கிழமை விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு வண்டிக்குப் போனாள். பின்பக்க இடது மூலையில் ஏற்கெனவே ஒரு தூக்குச்சட்டி இருந்தது. புத்தம் புதிது, பளபளவென்று.

"யாருதுடி இது?"

மாயக்காள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நேத்து உனக்குப் பதிலா வந்துச்சுல்ல, அந்த ஸ்பிரிங்கோடது அக்கா."

விஷயம் இதுதான். வண்டிப் பாகத்துக்கு எப்படி அரசுச் சம்பளம் தருவது என்று வெள்ளிக்கிழமையே மேலிடத்தில் கேட்டுவிட்டார்கள். சம்பளம் நின்றது. அமாவாசை பொறுப்பு அதிகாரி ஆனார். அதோடு, உயிருள்ள எதுவும் வாகனத்தின் பாகமாகாது என்று புது உத்தரவும் வந்துவிட்டது. ஆனால் கன்னையனைத் திரும்ப எப்படி அதிகாரியாக்குவது என்பதைப் பற்றி விதி மௌனமாக இருந்தது. அது பேசும்வரை அவருக்கும் வயிறு இருக்கிறதே. முதல் நாள் தோட்டத்தில் முத்தாத காயாகப் பறித்து சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கியிருந்தார். இருந்தாலும் இன்றைக்கும் வந்துவிட்டார்.

லுங்கியோடு வந்து மூலையில் உட்கார்ந்தார். சோலையம்மாள் ஒரு நாளைக்குத்தான் மாற்றுக் கேட்டிருந்தாள். ஆனால் தூக்குச்சட்டி இருக்கும் இடத்தில் இன்னொருவர் உட்காரக் கூடாதே. தன் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பிடிக்கக் கம்பிகூட இல்லாத நடுவில் போய் உட்கார்ந்தாள். கூடுதல் பாரத்தில் வண்டி முன்னைவிட மெத்தென்று போனது. ரசம் நன்றாகத் தூங்கியது.

சாவடி வந்தது. பெண்கள் பழையபடி தலையைக் குனிந்தார்கள். கன்னையன் மட்டும் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"குனிங்க சார், வெரசா!" என்று சோலையம்மாள் கிசுகிசுத்தாள்.

அவர் பாதி குனிந்தார். வெளியே டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. பொறுப்பு அதிகாரி அமாவாசையின் குரல் கேட்டது. "வண்டியில என்னப்பா?"

"சரக்குதான் சார்" என்றான் ஈஸ்வர்.

"அமாவாசை!" என்று கன்னையன் உள்ளிருந்து உறுமினார். "இந்த வண்டியின் உயரத்தை அளந்தாயா?"

சோலையம்மாள் சட்டென்று அவர் தலையைப் பிடித்து அமுக்கி, தன் முந்தானையை மேலே போர்த்தினாள்.

"சார், சரக்கு பேசாது."

அமாவாசை நல்லவர். வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வண்டி ஆடாமல் அசையாமல் சாவடியைத் தாண்டிப் போனது.