யானை வயிற்றுக்குள் கேமரா

விருத்தாசலம்,
செவ்வாய்க்கிழமை காலை.

என் பாசத்திற்குரிய தம்பி ஜூடுக்கு,

அண்ணன் செல்வநாதன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி மதலேனாவும் நான்கு கோழிகளும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே ஓசூரில் நீயும் ஆக்னஸும், சென்னை ஹாஸ்டலில் குழந்தை ஆன் மேரியும் சுகமாக இருக்க வேண்டும் என்று செவ்வாய் தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். இன்றைக்கும் ஏற்றிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

போன் இருக்கும்போது அண்ணன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீ யோசிப்பாய். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் சரி என்று சொல்லிவிடுவேன். போன வாரம் அப்படித்தான் ஆனது. "அண்ணே, நான் மறந்து வுட்டுட்டுப் போன அந்தப் பழைய டிஜிட்டல் கேமரா சும்மாதான கெடக்குது, ஆன் மேரி கேக்குறா, காலேஜ்ல இப்பல்லாம் புள்ளைங்க போனை வுட்டுட்டுப் பழைய கேமராவைத்தான் தேடுதுங்களாம், கொரியர்ல போட்டுடுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னாய். நானும் சரிப்பா என்றேன். போனை வைத்த பிறகுதான் அந்தச் 'சும்மா' என்னைக் குத்தியது. பதினைந்து வருடம் ஒரு நாளும் சும்மா இருக்காத பொருளைச் சும்மா கிடக்கிறது என்கிறாயே!

அது மட்டுமில்லை. அதை அனுப்ப எனக்கு உரிமை கிடையாது. நீ 2010 கிறிஸ்துமஸ் லீவில் விட்டுப் போனதில் இன்று மிஞ்சியிருப்பது வெறும் உடம்பு. அதில் இருந்த பேட்டரி ஆறாம் வருடம் வீங்கிப்போனது. இப்போது இருக்கும் பேட்டரி, பஸ் ஸ்டாண்டு பக்கம் பீங்கான் கடை வைத்திருக்கும் அமீனுதீன் பாயினுடையது, அவர் மகன் சஹீர் துபாயிலிருந்து கொண்டுவந்தது. சார்ஜர், எதிர் வீட்டு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் கோதண்டபாணியுடையது. மெமரி கார்டு, என் ஷெட்டில் நான் வார்க்கும் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதும் அமிர்தத்தினுடையது. ஆகவே முறைப்படி உரிமையாளர்கள் எல்லோரையும் சனிக்கிழமை ஷெட்டுக்குக் கூப்பிட்டு, டீ கொடுத்து, தம்பி கேட்கிறான், உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். படித்துப் பார்த்தால் இந்தக் கேமரா காலேஜ் பெண்ணுக்கு லாயக்கில்லை என்று உனக்கே தெரியும்.

முதலில் வாத்தியார். அவருக்கு இதன் மேல் தீராத கோபம் ஒன்று உண்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கேமரா தேதியை மறந்துவிட்டு 01.01.2008 என்று ஆரம்பிக்கும். யாரும் திருத்துவதில்லை. அவர் பேரனின் முதல் பிறந்தநாளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன், அவரும் ஸ்டூடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டினார், மூலையில் ஆரஞ்சு எழுத்தில் 2008 என்று பளிச்சென்று இருக்கிறது, பக்கத்திலேயே மகன் கல்யாணப் படம், அதில் 2019. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த சம்பந்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காபி குடித்துவிட்டுப் போனாராம். "கேட்டிருந்தா வெளக்கம் சொல்லியிருப்பேன் செல்வநாதன், கேக்கல பாருங்க, அதான் இன்னும் தூக்கம் வரல" என்கிறார். சரி சார், அப்போ அனுப்பிடலாமா என்றேன். "அனுப்புறதா? என் சார்ஜர் இங்க இருக்குது, அது எங்க போவும்?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

அமீனுதீன் பாய் பொறுமைசாலி. ஒரு படம் எடுத்ததும் ஃபிளாஷ் களைத்துப்போய் அரை நிமிடம் ஓய்வு எடுக்கும், அதற்குள் சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள், அது குறைதானே பாய் என்று எடுத்துக் கொடுத்தேன். "அது குறை இல்லீங்க, அந்த அரை நிமிசத்துலதான் எல்லாரும் நாலு வார்த்தை பேசிக்கிறாங்க. அதோட இதுல போன் வராது பாருங்க. போன்ல படம் எடுத்தா நடுவுல யாராச்சும் கூப்டுடுறாங்க" என்றார். குறை சொல்ல வரச் சொன்னால் இவர் நற்சான்று கொடுக்கிறார்.

அமிர்தம் ஒரு படி மேலே போய்விட்டாள். "அண்ணே, என் மவ போன்ல எடுத்தா நான் டீ கப்பு மாதிரி வெள்ளையா இருக்கறேன். இதுல எடுத்தாதான் நான் நானா இருக்கறேன். கார்டைக் குடுக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டாள். அவளுக்கு வேறொரு காரணமும் உண்டு, சொல்கிறேன். இந்தக் கேமராவில் சிரித்த முகத்தைக் கண்டால் தானே படம் எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறதல்லவா? போன வருடம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு முப்பத்தாறு இடையர் பொம்மைகளை அவள் முகம் எழுதிப் பலகையில் வரிசையாக வைத்திருந்தாள். நான் கேமராவைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் அது இடையர்களைப் பார்த்துப் பார்த்துப் பதினொரு படம் எடுத்திருக்கிறது! பொம்மை உண்மையாகச் சிரிக்கிறது என்று மிஷினே ஒத்துக்கொண்டதாக அமிர்தம் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

அதே மிஷின் என்னைப் பார்த்து ஒரு தடவைகூட எடுத்ததில்லை. ஈஸ்டர் அன்று கோயில் வாசலில் உன் அண்ணி என் முகத்துக்கு நேராகக் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அது அசையவில்லை, பின்னால் பூசைக்கு வந்தவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள், பங்குச் சாமியாரே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சாமி, முப்பத்தெட்டு வருசமா நான் சொல்லிட்டிருக்கறதை இது இன்னைக்குக் கண்டுபுடிச்சிருக்குது" என்றாள் மதலேனா. அந்த ஞாயிறு முழுக்க ஊரில் இதுதான் பேச்சு.

மதலேனாவும் ஒரு உரிமையாளர்தான் என்று எழுத மறந்துவிட்டேன். லென்ஸ் மூடி பாதிதான் திறக்கும், மற்றப் பாதியை நகத்தால் இடது பக்கமாகத் தள்ள வேண்டும், அந்தப் பக்குவம் அவள் சுண்டுவிரலுக்குத்தான் தெரியும். ஆன் மேரி இதை எங்கே கற்றுக்கொள்ளப் போகிறாள்? ஆகவே தேதி தப்பு, ஃபிளாஷ் சோம்பேறி, லென்ஸ் பாதிக் குருடு, மனிதனை விட்டுப் பொம்மையைப் பார்த்து மயங்குகிற குணம், இப்படிப்பட்ட கேமராவை தம்பி மகளுக்கு அனுப்பினால் நாளைக்கு என்னைத்தான் திட்டுவாள்.

சரி, உண்மையை எழுதிவிடுகிறேன், நீ என் தம்பிதானே. வாத்தியார் மாதிரி ஸ்டூடியோவில் காசு கொடுத்துப் பிரிண்ட் போட்டால் தவிர, இந்தக் கேமராவில் எடுத்த படத்தைப் பார்க்க வேண்டும் என்றால் என் வீட்டுக்கு வந்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் மாட்டுகிற ஒயரை எலி கடித்துப் பல வருடம் ஆகிறது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய திரை, அதை நாலு பேர் தலையை முட்டிக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். போனில் எடுத்த படம் அவரவர் வீட்டுக்குப் போய்விடும், மனிதர் வர வேண்டியதில்லை. இதில் எடுத்தால் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்துகூட பஸ் ஏறி வருகிறார்கள். வந்தால் டீ, டீ என்றால் பேச்சு. பீங்கான் கம்பெனியில் மோல்டு செக்ஷனில் இருந்தவரை நாற்பது பேர் என்னைத் தேடுவார்கள். ரிட்டயர் ஆன பிறகு தேடிக்கொண்டு வருகிறவர்கள் இந்தக் கேமராவைத்தான் தேடி வருகிறார்கள். இது போய்விட்டால் மாலையில் என் வீட்டுக்கு யார் வருவார்கள் ஜூடு? இதை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இனி நீ கோபப்படக்கூடாத விஷயத்துக்கு வருகிறேன். அபிப்பிராயம் எல்லாம் முடிந்ததும் வாத்தியார், எதற்கும் இருக்கட்டும், உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வோம் என்றார். தானே எடுக்கிற டைமரை வைத்தேன். கேமராவை எங்கே வைப்பது? ஸ்லிப்புத் தொட்டியின் விளிம்பு சரியான உயரத்தில் இருந்தது. ஸ்லிப்பு உனக்கு மறந்திருக்காது, மோல்டுக்குள் ஊற்றுவதற்குக் கரைத்து வைக்கிற அந்த வெள்ளைக் களிமண் கூழ்தான். சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது, நாங்கள் ஐந்து பேரும் வரிசையாக நின்றோம், கோழி ஒன்று தொட்டி விளிம்பில் ஏறியது, பாய் "ச்சூ" என்றார், கோழி பறந்தது, கேமரா தொட்டிக்குள் போய்விட்டது. பத்தாவது விநாடியில் கூழுக்கு அடியிலிருந்து ஃபிளாஷ் ஒரு வெட்டு வெட்டியது. அந்த நிலையிலும் அது வேலையை முடித்துவிட்டுத்தான் அணைந்தது.

எடுத்துத் துடைத்தோம். அடுத்த நிமிடமே பாய் பேட்டரியைக் கழற்றிக்கொண்டார், மொட்டை மாடியில் வெயிலில் வைக்கிறாராம். அமிர்தம் கார்டைத் துடைத்துக் குங்குமச் சிமிழில் போட்டுக்கொண்டாள். நனையாத சார்ஜரை வாத்தியார் ஏன் எடுத்துக்கொண்டு போனார் என்று தெரியவில்லை. உடம்பு மட்டும் என் கையில். அரிசிக்குள் போடச் சொன்னார் வாத்தியார். நான் முப்பத்து மூன்று வருடம் மோல்டு வார்த்தவன், எனக்கு அரிசி தெரியாது, பிளாஸ்டர் தெரியும். ஸ்லிப்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சத்தானே பிளாஸ்டர் மோல்டே வைத்திருக்கிறோம்? கேமரா அளவுக்கு வயிறு உள்ளது யானை மோல்டு ஒன்றுதான். மெல்லிய துணியில் சுற்றி யானையின் வயிற்றில் வைத்து, இரண்டு பாதியையும் மூடி, சைக்கிள் டியூப் வாரால் இறுக்கிக் கட்டி, சூளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். இன்றோடு நாலு நாள். தினமும் மூன்று பேரும் வந்து யானையைத் தட்டிப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிறார்கள்.

ஆகவே தம்பி, கேமரா கதை முடிந்தது என்று குழந்தையிடம் சொல்லிவிடு. பிழைத்தாலும் அனுப்புகிற நிலையில் இருக்காது. வேறு புதிதாக ஒன்று வாங்கிக் கொடு. காலேஜில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, சென்னையிலிருந்து ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம், ஒரு தடவைகூட வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சும்மா எழுதினேன்.

ஆக்னஸுக்கு எங்கள் அன்பு. குழந்தை ஓசூர் வரும்போது அவள் நெற்றியில் பெரியப்பா சார்பாக ஒரு சிலுவை போட்டுவிடு. உங்கள் மூவரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உன் அண்ணன்,
செல்வநாதன்

பின்குறிப்பு: புதன் மதியம். நேற்று தபால்தலை இல்லாததால் கடிதம் போகவில்லை, அதுவும் நல்லதற்குத்தான். இன்று காலை யானையைப் பிரித்தோம். கேமரா அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. பாய் பேட்டரியோடு வந்தார், வாத்தியார் நேற்றே அதை சார்ஜ் செய்து கொடுத்திருந்தார். அமிர்தம் வரத் தாமதம், யாருக்கும் பொறுமை இல்லை, கார்டு இல்லாமலே பட்டனை அழுத்தினேன். மதலேனா நகத்தால் மூடியைத் தள்ளினாள். ஒளி வந்தது! கார்டு இல்லாவிட்டால் இந்தக் கேமரா தன் சொந்த வயிற்றில் இருப்பதைக் காட்டும் என்று பதினைந்து வருடமாக எங்களுக்குத் தெரியாது. அதில் ஏழு படங்கள் இருந்தன. தேதி 26.12.2010. இந்தக் கேமராவில் சரியான தேதி போட்ட படங்கள் அவை ஏழும்தான், வாத்தியார் மூன்று தடவை சரிபார்த்தார்.

எல்லாம் முழங்கால் உயரத்திலிருந்து எடுத்தவை. என் லுங்கி, ஒரு கோழியின் பின்பக்கம், உன் இடுப்பு, அண்ணியின் கையும் அரிசி முறமும், இரண்டு சின்னச் சிவப்புச் செருப்பு. அப்போது ஆன் மேரிக்கு நாலு வயது, நினைவிருக்கிறதா? ஏழாவது படத்தில், கேமராவை வாங்குவதற்காகக் குனிகிற ஒருவனின் மூக்குத் துவாரமும் மோவாயும், முழுப் பல்லும் தெரிகிற சிரிப்பும். மதலேனா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு யாரு?" என்று கேட்டாள். அப்புறம் அவளே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடுத்துடுங்க, இது அந்தப் புள்ளையோடது, நாமதான் இத்தினி நாளா இரவல் வாங்கி வெச்சிருந்தோம்" என்றாள். பாயே பார்சலுக்கு ஒரு டப்பா தேடி எடுத்து வந்தார்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. இன்று பதினொரு மணிக்கு கொரியரில் அனுப்பிவிட்டேன், நாளை ஹாஸ்டலுக்குப் போய்விடும். பேட்டரியை மட்டும் பார்சலில் ஏற்ற மாட்டோம் என்று கொரியர் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது இல்லாமல் சார்ஜர் எதற்கு என்று வாத்தியார் அதை எடுத்துக்கொண்டார். கார்டு சிமிழிலேயே இருக்கிறது. மூன்றையும் தன் கையால்தான் கொடுப்போம் என்கிறார்கள், லென்ஸ் மூடி தள்ளவும் அண்ணி நேரில்தான் சொல்லித்தர முடியும். அடுத்த வாரம் சனிக்கிழமை காலை ரயிலுக்கு நான் ஸ்டேஷனில் நிற்பேன் என்று குழந்தையிடம் சொல்.

அந்தப் பேட்டரி சென்னையில் எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்பதை மட்டும் நீ சொல்லிவிடாதே.