மாமனாருக்காக ஓடிய ஏசி

"நிவித்திகலயா? அந்த வேக்காட்டுல எம்புள்ள எப்படிங்க இருக்கும்?"

"வீட்ல ஏசி இருக்குங்க மாமா."

"பகல்லயா, ராவுலயா?"

"ரெண்டுலயுந்தான். நாங்க நிப்பாட்டுறதே இல்லீங்க."

மலைமேல் இருக்கும் லிந்துலையில், பெண் பார்க்கப் போன வீட்டில், குளிரில் பல் கிடுகிடுக்க அருள்தாஸ் சொன்ன பதில் அது. அப்போது அவன் வீட்டில் இருந்தது கழுத்துத் திரும்பாத ஒரு மேசை விசிறி மட்டுமே. ஆனாலும் அந்தப் பதிலில் மயங்கித்தான் யேசுதாசன் தன் மகள் மெரினாவைக் கட்டிக்கொடுத்தார். அதன்பிறகு தேயிலைத் தொழிற்சாலை வேலை அவரை எங்கும் நகரவிடவில்லை. ஓய்வு பெற்ற கையோடு போன் செய்தார்.

"மாப்பிள, மூணு நாள் தங்குற மாதிரி வாறேன்."

அருள்தாஸ் அன்றே இரத்தினபுரிக்கு ஓடி, யாரோ கழற்றிப்போட்ட பழைய ஏசி ஒன்றை வாங்கிவந்து முன்னறையில் மாட்டினான்.

"உண்மையச் சொல்லிருங்களேன்," என்றாள் மெரினா. "எங்கப்பா உங்களக் கடிச்சா தின்னப் போறாரு?"

"பொய் சொல்லிப் பொண்ணு கட்டினவன்னு சாகுற வரைக்கும் பாப்பாரு. நீ வாயத் தொறக்காத."

மாமனார் வந்தார். அவரை முன்னறைக் கட்டிலில் உட்காரவைத்து, ஏசியை இருப்பதிலேயே குளிரான எண்ணுக்கு இறக்கினான் அருள்தாஸ்.

"கதவத் தொறந்தா குளிர் வெளிய போயிரும் மாமா. சாத்தியே இருக்கட்டும்."

"ரிமோட்டு?"

"உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமமெல்லாம்?" என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அதன்பிறகுதான், வீட்டுக்கு முன்பக்கமிருந்த தன் பலசரக்குக் கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தான். ஏசியின் பக்கவாட்டில் ஆயிரத்து இருநூறு வாட்ஸ் என்று போட்டிருந்தது. ஆயிரம் வாட்ஸ் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். ராவும் பகலும் ஓடினால் நாளைக்கு இருபத்தெட்டு யூனிட்டுக்கும் மேல். வீடு ஒரு மாதம் முழுக்கத் தின்னும் கரண்டை இது மூன்றே நாளில் தின்றுவிடும். போதாக்குறைக்கு, யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும்.

மூன்று நாள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

மூன்று நாள் கழிந்தது. மாமனார் பையைக் கட்டவில்லை.

"அப்பா இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறாராம்," என்றாள் மெரினா. அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தவன், எப்போது போவார் என்று கேட்க வந்ததை மாற்றிக் கேட்டான்.

"உள்ள என்ன செய்றாரு?"

"பால் போடாம சுடச்சுட, பிளேன்டி மேல பிளேன்டியா கேட்டுக் குடிக்கிறாரு."

சுகவாசி என்று நினைத்துக்கொண்டு, கடையில் இருந்த பிரிட்ஜை நிறுத்தினான். மத்தியானமே சிங்களவர் ஒருவர் சோடாவைத் திருப்பிக்கொண்டு வந்தார். "முதலாளி, மேக்க உணுய் நே." சூடாக இருக்கிறதாம். மறுநாள் யோகட் முழுவதும் புளித்து, ஏசி தின்றது போக மிச்சமிருந்த லாபத்தையும் தின்றது.

அடுத்து மெயின் சுவிட்சை இறக்கினான். "கரண்ட் போயிருச்சு மாமா."

மாமனார் வெளியே வந்து, சுள்ளென்ற வெயிலில் நின்று சோம்பல் முறித்தார். பக்கத்து பேக்கரி மஷூர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, உங்கட வீட்ல மட்டும் கரண்ட் இல்லயா? வயசான மனுசன வெயில்ல காய விட்டிருக்கீங்க."

"வேணாங்க, நான் இப்படியே…" என்று மாமனார் இழுத்தார்.

"வெக்கப்படாதீங்க பெரியவர்." மஷூர் தன் பேக்கரியிலிருந்து ஜன்னல் வழியாக வயரை இழுத்து, ஏசியை ஓடவைத்து, பெரியவரையும் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் பேக்கரியில் பியூஸ் போனது. பாண் மாவு பிசையும் மெசின் பாதியில் நின்றது.

"பில்லோட சேத்து இந்த மாவுக்கும் நீங்கதான் பொறுப்பு," என்றார் மஷூர், கையில் ஒட்டிய மாவைக் காட்டியபடி. அருள்தாஸ் சத்தமில்லாமல் மெயினைப் போட்டான்.

கடைசியாக ஊர் ஞாபகத்தைக் கிளறிப் பார்த்தான். கதவை ஒரு கீற்று மட்டும் திறந்து, "மாமி அங்க தனியா இருப்பாங்களே மாமா. ஒரு போன் பேசுங்க," என்றான்.

மாமனார் பேசினார். பேசி முடித்ததும் மெரினாதான் செய்தி கொண்டுவந்தாள்.

"அம்மாவும் நாளைக்குக் கிளம்பி வாறாங்களாம்."

அருள்தாஸ் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூட முயலவில்லை. போகட்டும் மரியாதை என்று நேராகப் போய்க் கதவைத் தள்ளினான். கட்டிலில் இரண்டு போர்வைகளுக்கு நடுவே மூக்கு மட்டும் தெரிந்தது.

"மாமா, உங்ககிட்ட ஒரு உண்மைய…"

"இருங்க மாப்பிள, மொதல்ல நான் சொல்லிர்றேன்," என்றார் யேசுதாசன். குரல் கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. "வந்த அன்னைக்கே கேட்டிருக்கணும். ஆசையா போட்டு விட்டிருக்கீங்க, மனசு நோகுமேன்னு அடக்கிக்கிட்டேன். இப்ப என்னப் பாத்துக்க ஒங்க மாமி வேற கிளம்பிட்டா."

"என்ன மாமா?"

"அந்த ஏசிய ஒருக்கா நிப்பாட்டுங்களேன், இந்தச் சளி வத்தினா நான் அடுத்த பஸ்லயே ஊருக்குப் போயிருவேன்."