பாஸ் வருமுன் வெள்ளையடிப்பவர்

வாசகரே, நம் மலையகத்தில் ஓர் இனம் உண்டு. பழுது பார்க்க ஆளைக் கூப்பிடும். ஆள் வருமுன் பழுதை ஒளித்துவைக்கும். ஹட்டனில் பத்து வீட்டுக்கு ஒருவர், நுவரெலியாவில் வீட்டுக்கு ஒருவர், நோர்வூட்டில் சில வீடுகளில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே இந்த இனம்தான்.

நோர்வூட் கணேசமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டு வருடம் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழும்பிலிருந்து பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால், முதல் நாளே பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, ஓட்டை அலுமாரிக்குத் திரை கட்டி, ஒழுகும் கூரைக்குக் கீழே பூச்சாடி வைத்து, துரை புறப்படும்போது குறிப்புப் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார். வேலையை விட்டார், பழக்கம் அவரை விடுமா?

வீட்டில் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றின் பின்கால் விட்டுப்போய் ஒரு மாதம். அதில் உட்காருகிறவர் அவர் மனைவி அம்மாக்கண்ணு. ஏற்கெனவே இடுப்பு வலிக்காரர். ஒருமுறை சரிந்து, மேசையைப் பிடித்துத் தப்பியதும், வீடு வீடாக வந்து மேசை, கதிரை என்று தளபாடம் திருத்தும் தச்சர் ஃபாஸில் பாஸுக்குத் தானே போன் போட்டு வரச் சொல்லிவிட்டு, அன்று கிளினிக் நாள் என்பதால் மருந்தெடுக்கப் போய்விட்டார்.

கணேசமூர்த்தி சும்மா இருப்பாரா? கதிரைக் காலைக் கம்பியால் கட்டினார். கம்பி தெரியாமல் பழுப்புப் பெயின்ட் பூசி, மேலே பூப்போட்ட விரிப்பைப் போட்டு, தானும் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

பாஸ் ஆயுதப் பெட்டியோடு படியேறினார். “எதுங்க ஐயா ஒடஞ்சிருக்கு?”

“ஒடஞ்சிருக்கா? நம்ம வூட்லயா?”

“அம்மாதான் போன் பண்ணாங்க. கதிரை ஆடுதுன்னாங்க.”

“அவங்க அப்படித்தான் ஏதாச்சும் சொல்லுவாங்க. உக்காருங்க பாஸ், டீ குடிங்க. ஐயோ, அதுல வேணாம்! இதுல உக்காருங்க.”

பாருங்கள், மனிதருக்குத் தெரியும்!

ஃபாஸில் டீ குடித்தார், பிஸ்கட்டும் தின்றார். விரிப்பைத் தூக்கப் போனார். கணேசமூர்த்தி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மகனின் டுபாய் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வேண்டாம் என்கிற வீட்டில் வேலையைத் தேடிப் பிடிக்க பாஸுக்கு என்ன தலையெழுத்து? பெட்டியைத் தூக்கினார். உடனே ஒரு கொப்பி நீண்டது.

“வந்ததுக்கு ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க.”

பாஸும் எழுதினார்: ‘தளபாடங்கள் யாவும் நல்ல நிலையில் உள்ளன.’ தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார்.

மத்தியானம் திரும்பிய அம்மாக்கண்ணு கொப்பியை வாசித்தார். புதுப் பெயின்டைப் பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு, எதையும் பிடிக்காமல், நிம்மதியாக உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். கதிரை ஒரு பக்கம், அம்மாக்கண்ணு ஒரு பக்கம்.

ஆஸ்பத்திரியிலாவது மனிதர் திருந்தினாரா? வைத்தியர் சுற்றி வரும் நேரம் பார்த்து மனைவிக்குத் தலை சீவி, பொட்டு வைத்து, வீங்கிய இடுப்புக்கு மேல் போர்வையை மடிப்புக் கலையாமல் இழுத்துவிட்டு, தலைமாட்டில் விறைப்பாக நின்றார்.

“எப்படி இருக்காங்க?” என்றார் வைத்தியர்.

“ஒரு குறையும் இல்லைங்க டாக்டர். ரொம்ப நல்லா இருக்காங்க.”

“டாக்டர்,” என்றார் அம்மாக்கண்ணு, “மொதல்ல இந்த மனுசன வெளிய அனுப்புங்க. ரெண்டு நாளா என்னால பொரண்டு படுக்க முடியல.”

எனக்கு அந்த அம்மாளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. நீங்களோ சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் நெஞ்சு வலி என்று, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் போனீர்களே, “எப்படி இருக்கீங்க?” என்று அவர் கேட்டதும் என்ன பதில் சொன்னீர்கள்?