கன்னத்துக்குள் நானூறு கண்

"சுவர் எழுப்பியே தீருவேன்."

"எழுப்புக்கா. அடுப்படி எந்தப் பக்கம் வரும்னு—"

"பேச்சை மாத்தாதேடி. என் வாய்க்குள்ள உன் கண்ணு இருந்துச்சு. திரையில பார்த்தேன்."

"என் கண்ணு என் மூஞ்சியிலதான் இருக்கு."

கூடத்தின் நடுவே அக்கா சாக்கட்டியால் கோடே போட்டுவிட்டாள். நாளை கொத்தனார் வருகிறார். முப்பது வருஷம் ஒரே அடுப்பில் சமைத்த வீடு. தங்கை எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் வாத்தியாரம்மா. வீட்டில்தான் பாடம் எடுபடவில்லை.

எல்லாம் திருஷ்டி டாக்டரின் கைங்கரியம். ஊரே அவர் மாடியில்தான் டோக்கனோடு நின்றது. பல்குச்சியால் உள்கன்னத்தைச் சுரண்டுவார். கண்ணாடியில் தடவி, நீலமாக ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைப்பார். திரை முழுக்கக் கண்கள், நடுவில் கருமணியோடு.

"நானூறு கண்ணு. எல்லாம் கூடவே இருக்கறவங்க போட்டது," என்பார். அடுத்த தெருக்காரர்களுக்குப் பொறாமையே கிடையாது போலும்.

இன்று அக்காவுக்குச் சுத்திகரிப்பு. தங்கையும் பின்னாலேயே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அக்கா மந்திரத் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள். மறுபடி சுரண்டல். திரையில் ஒரு கண்கூட இல்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தங்கை எழுந்தாள்.

"ஐயா, இந்தத் தடவை நீலச் சொட்டு விடலையே?"

"சுத்தமானதுக்குச் சாயம் எதுக்கும்மா?"

"கண்ணுதான் போயிடுச்சே, ஒரு சொட்டு விட்டா என்ன குறைஞ்சிடும்?"

அவர் புட்டியைச் சட்டைப்பைக்குள் தள்ளப் பார்த்தார். அக்கா எதையும் பாதியில் விடுகிற ஆளா? "விடுங்கய்யா, இவ வாய் அடையட்டும்," என்று பிடுங்கிக் கண்ணாடியில் தானே ஊற்றினாள்.

நானூறும் திரும்பி வந்து அக்காவை முறைத்தன.

"கொப்பளிச்சது பத்தலை..." என்று இழுத்தார் டாக்டர்.

"அப்போ உங்க கன்னத்தைக் காட்டுங்க," என்றாள் அக்கா. குரலே மாறியிருந்தது.

கூட்டமே அவரை உட்கார வைத்தது. தங்கை சுரண்டி, நீலச் சொட்டும் விட்டாள். திரையில் ஐந்நூறு கண், இடையிடையே மொய்க்கும் பொடிப்புள்ளிகள்.

"கண்ணு இல்லீங்க, செல். கன்னத்து உள்தோல்ல தினமும் உதிர்றது. நடுவுல இருக்கறது உட்கரு. சாயம் விட்டாத் தெரியும், விடாட்டி மறைஞ்சுக்கும். எல்லார் வாயிலயும் உண்டு."

"அந்தப் புள்ளி?"

"பாக்டீரியா. அதுவும் எல்லார்கிட்டயும் உண்டு. ஐயா பல் தேய்ச்சு நாளாச்சு, அதான் கொஞ்சம் கூட்டம்."

சிரிப்பில் மாடி அதிர்ந்தது. அது அடங்குவதற்குள் டாக்டர் பின்படியில் இறங்கிப் போயிருந்தார்.

அக்கா தங்கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "கொத்தனார் வரட்டும்டி. குளியலறைச் சுவர் ஒழுகுது, அதைப் பூசட்டும்."

படியிறங்கினால் பாதி வரிசை அப்படியே நிற்கிறது. "ஐயா எப்போ திரும்பி வருவாரும்மா?"

அக்கா நின்றாள். "வாய்க்குள்ள நானூறு கண்ணைத் தேடி நிக்கிறீங்களே, மூஞ்சியில இருக்கற ரெண்டை என்னிக்குத் திறக்கறதா உத்தேசம்?"