சவுனா சர்வர்

இந்தச் சனிக்கிழமை தன் நாடு சுவீடனோடு மோதும் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைப் பார்த்தே தீருவது என்று இல்க்கா முடிவு கட்டினான். குறுக்கே நின்றது ஒரே ஒரு ஆள். அவன் மனைவி சிர்பா.

ஏரிக்கரையில் அவர்களுக்கு ஒரு மரவீடு. வாரக்கடைசியில் அங்கே கால் வைத்ததும் சிர்பாவின் சட்டம் அமலுக்கு வந்துவிடும். டிவி கிடையாது. இருவர் போனும் அலமாரிக்குள்.

"ஏரியைப் பாரு. இல்லேன்னா என்னைப் பாரு" என்பாள்.

இல்க்காவும் வருஷக்கணக்காக இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். ஏரியிலாவது அவ்வப்போது மீன் துள்ளும்.

இல்க்கா தாம்பெரே நகரில் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். பிழைப்புக்கு எழுதுவதில் பிழை இருந்தால் ஆபீஸ் பொறுத்துக்கொள்ளும். பெண்டாட்டியிடம் பிழைக்க எழுதுவதில் பிழை இருக்கலாமா? ராத்திரி பகலாக முக்கி முக்கி ஒரு ஆப் எழுதினான். அந்த ஆப்பின் வயிற்றுக்குள் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு முழு வெப் சர்வர்!

விறகடுப்பு மூட்டி வியர்க்க வியர்க்கக் குளிக்கும் சவுனா அறையின் சுவரில் மாட்டிய குட்டிக் கருவி, உள்ளே எவ்வளவு சூடு என்று அவன் போனுக்குச் சொல்லும். போனுக்குள் இருக்கும் சர்வர் அதை ஒரு பக்கமாக்கிக் கொடுக்கும். சிர்பா தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும், சூடு எண்பது டிகிரியைத் தொட்டதா, குளிக்கப் போகலாமா என்று தெரிந்துவிடும். சர்வர் உள்ள போனை யாராவது அலமாரியில் பூட்டுவார்களா? அது அவன் கையிலேயே இருக்கும். கையில் போன் இருந்தால் கண்ணில் ஹாக்கி இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் வாசல் படியில் வைத்து விளக்கினான்.

"சர்வர்னா என்ன?" என்றாள் சிர்பா.

"யார் எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காம கொண்டாந்து குடுக்கும்."

"அப்ப கல்யாணமான நாள்லேர்ந்து நான்தான் சர்வர்."

"அய்யோ, இது வேற. உன் போன்ல பாரு. நாப்பது டிகிரி தெரியுதா?"

"தெரியுது. நல்லாத்தான் இருக்கு. அப்ப என் போனும் வெளியில இருக்கணுமா?"

"பின்ன? சூட்டை எதுல பார்ப்பே?"

"சரி, உனக்காக வச்சுக்கறேன்" என்றாள், பெரிய தியாகம் செய்பவள் போல.

இல்க்கா விறகுக் கொட்டகைக்குப் பின்னால் பறந்தான். ஆட்டத்தைத் திறந்தான். ரப்பர் வட்டு நடுவில் விழுந்தது.

"இல்க்கா! சூடு போயிடுச்சு!"

"அடுப்பு அணைஞ்சிருக்கும்!"

"அடுப்பு எரியுது. உன் பக்கம்தான் அணைஞ்சிருக்கு. 'இணைப்பு இல்லை'ங்குது."

ஆட்டத்தை மூடிவிட்டு ஆப்பைத் திறந்தான்.

"வந்துடுச்சு! அம்பது!"

மறுபடி ஆட்டம்.

"போயிடுச்சு!"

மறுபடி ஆப்.

"வந்துடுச்சு!"

அப்போதுதான் உறைத்தது. வேறொன்றைத் திறந்தால் பின்னால் போகும் ஆப்பைத் தூங்க வைத்துவிடுவது போனின் சுபாவம். ஆப் தூங்கினால் அதன் வயிற்றிலுள்ள சர்வரும் தூங்கும். ஆபீஸில் சர்வர்களுக்குத் தூக்கமே கிடையாது. அந்த நினைப்பிலேயே எழுதிவிட்டான். அவளுக்கு வைத்த ஆப், அவனுக்கே ஆப்பு!

நிமிர்ந்தால் சிர்பா எதிரே நிற்கிறாள்.

"கொட்டகைக்குப் பின்னால என்ன பண்றே?"

"விறகு... சர்வருக்கு... அதாவது, பரிசோதனை."

"நீ அதை நோண்டறப்போ எல்லாம் நின்னு போகுதே, ஏன்?"

தொழில் கர்வம் என்று ஒன்று உண்டே! அது வாயைத் திறந்துவிட்டது. "நோண்டக் கூடாது சிர்பா. திரை எரிஞ்சுக்கிட்டே இருக்கணும், சார்ஜ்ல இருக்கணும், யாரும் தொடக் கூடாது. அப்ப பாரு, ஒரு நொடி நிக்காது!"

"யாருமேவா?"

"யாருமே."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று காதில் விழுந்தது. அதற்குள் சிர்பா போனைப் பதமாக வாங்கிக்கொண்டு போய், சமையலறை ஜன்னலோரம் சார்ஜில் செருகிச் சாய்த்து வைத்துவிட்டாள்.

"இப்ப அருமையா ஓடுது. நீ அடுப்பைப் பாரு, நான் சூட்டைப் பாக்கறேன்."

அவள் படியில் கால் நீட்டி உட்கார்ந்து தன் போனை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் விறகு சுமந்தான். புகை கண்ணில் ஏறியது. சட்டை கரியானது.

"எவ்வளவு?" என்று உள்ளேயிருந்து கத்துவான்.

"பத்தாது, போடு!" என்பாள், தலை நிமிராமல்.

"இப்ப?"

"உஷ்! போடு போடு!"

எண்பதைத் தொடாமல் இப்படிச் சதி செய்கிறதே என்று அடுப்பைத் திட்டிக்கொண்டே கடைசிக் கட்டையையும் திணித்தான். வெளியே சிர்பா வீல் என்று கத்திக்கொண்டு துள்ளிக் குதித்தாள். இல்க்கா கரிமுகத்தோடு ஓடி வந்தான்.

"வந்துடுச்சா? எண்பதா?"

"எண்பதா? மூணுக்கு ரெண்டு! நாமதான் ஜெயிச்சோம்!"