எனக்குப் பின்னால் கமலா

மைக்கைப் பிடித்தவனுக்கு முதுகுப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியாது. எனக்கு முன்பக்கமும் தெரியவில்லை.

திருகோணமலைக் கடற்கரையில் எங்கள் வாசிகசாலை ஒழுங்கு செய்த துப்புரவுச் சிரமதானம் அது. நான் செயலாளர். (கதிரை அடுக்குவதும் நான்தான், பேச்சும் நான்தான்.) தெருவோரக் கான்களில் வீசும் பொலித்தீன் கடலுக்குப் போகிறது, நகரத்து மான்கள் அதைத் தின்று சாகின்றன என்று ஒரு கிழமையாக மனப்பாடம் செய்திருந்தேன். சாப்பாட்டுப் பொறுப்பும் என்னுடையதே. "வாழையிலையில கட்டச் சொல்லுங்கோ" என்று மனைவி சறோ முதல்நாளே சொன்னாள். இலைக்கு ஆர் அலைவது என்று, கடையில் லஞ்ச் ஷீட் என்ற பொலித்தீன் தாளில் சுற்றித் தந்த சோற்றுப் பார்சல்களை அப்படியே கொண்டுபோய் எனக்குப் பின்னால் பெட்டியோடு வைத்தேன்.

பேசத் தொடங்கினேன். சனம் சிரித்தது. அட, எனக்குப் பகிடியும் வருகிறதே என்று பேச்சை நீட்டினேன். இன்னும் சிரித்தார்கள். இன்னும் நீட்டினேன். சிரிக்காமல் எழும்பி ஓடிவந்தவள் சறோ மட்டும்தான். திரும்பிப் பார்த்தால், பெட்டிக்குள் தலையை விட்டபடி கமலா.

கமலா எங்கள் தெருவில் திரியும் பெண் மான். விடிந்தால் எங்கள் வாசல் படலைக்கு வந்து, சறோவின் கையால் வாழைப்பழத் தோல் தின்றுவிட்டுத்தான் போவாள். இப்போது அவள் வாயில் லஞ்ச் ஷீட் தொங்கியது. பாய்ந்து பிடித்து இழுத்தேன். பாதி என் கையோடு வந்தது. மீதியை விழுங்கிவிட்டாள்.

அதன்பிறகு கமலா படலையடியிலேயே படுத்துக் கிடந்தாள். பழத்தோலை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். மிருக வைத்தியர் வந்து பார்த்தும் காப்பாற்ற ஏலவில்லை. செத்தபின் அறுத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள் பந்தாகப் பொலித்தீன் இருந்ததாம். பலநாள் சேர்ந்தது, உங்களுடையது கொஞ்சம்தான் என்று ஆறுதல் சொன்னார். எனக்கு மனம் ஆறவில்லை.

சறோ என்னோடு கதைக்காமலே திரிந்தாள். ஒருநாள் குசினிக்குள் அடுப்படியில் நின்று மெதுவாகச் சொன்னாள்:

"உங்களை வீட்டு ஆள் எண்டுதானே அவள் கிட்ட வந்தவள்."

இந்த வயதில் குசினி வாசலில் நின்று அழுதேன்.

இப்போது எந்த விசேஷத்துக்கும் சோறு போட்டுச் சாப்பிட ஒரு சில்வர் கோப்பையோடுதான் போகிறேன். அன்று யாரோ எடுத்த படமும் குடும்ப வாட்ஸ்அப்பில் ஓய்வதில்லை: 'பொலித்தீனை ஒழிப்போம்' பதாகையின் கீழ் கையை உயர்த்தியபடி நான், பின்னால் வாயில் ஷீட்டோடு கமலா. வீட்டில் அந்தக் கோப்பைக்கும் கமலா என்றே பெயர்.

போன கிழமை ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டபோது, புது மருமகனுக்கு முன்னால் சறோ கேட்டாள்:

"கமலாவைக் கூட்டிக்கொண்டுதானே போறியள்?"

மருமகன் திகைத்துப்போனார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சறோ சிரிக்கவில்லை, என் பதிலுக்காகப் படலையைப் பிடித்தபடி நின்றாள்.

"ஓம்" என்று பையைத் திறந்து காட்டினேன்.